இறுகிப்போன பெடல்: எண்ணெயா, நீளக் குழாயா, வைஸா?

தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்ப் பக்கம் ஓடும் பழைய இரும்பு சைக்கிளில் பெடல் கழல மறுத்தால் பெரும்பாலும் துருதான் காரணம். உப்புக்காற்று மரைக்குள் (திருகுப் புரிக்குள்) இறங்கி, பெடலின் அச்சையும் அது ஏறியிருக்கும் கிராங்க் என்ற கையையும் ஒட்டவைத்துவிடும். இடப்பக்கப் பெடலானால் முதலில் திசையைப் பாருங்கள். அது இடது மரை. வழக்கம்போலத் திருகினால் இன்னும் இறுகும். கிராங்க்கை முன்பக்கம் நீட்டி நிறுத்தி, ஸ்பேனரின் வாலைப் பின்பக்கம் வைத்துக் கீழே அழுத்துங்கள். இரண்டு பக்கமும் இப்படித்தான் கழலும்.

எண்ணெய் செலவில்லாதது, ஆனால் பொறுமை வேண்டும். தேங்காய் எண்ணெய் கெட்டி, மரைக்குள் போகாது. மண்ணெண்ணெய் போகும், துரு இளக்கும் ஸ்பிரே அதைவிட நன்றாகப் போகும். பெடல் பக்கமிருந்து அடிப்பதில் பயன் குறைவு. அந்தப் பெடல் தரையைப் பார்க்கும்படி சைக்கிளைப் படுக்கவைத்து, கிராங்க்கின் உட்புறம் தெரியும் அச்சு முனையில் விடுங்கள். ஓர் இரவு ஊறட்டும், நடுவில் இரண்டு முறை மறுபடி விடுங்கள்.

அடுத்தது நீளக் குழாய். 15 மி.மீ. ஸ்பேனர் மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்தது இடுக்கில் நுழையாது. அதன் வாலில் இரும்புக் குழாய் செருகி நீளத்தை இரண்டு மடங்காக்கினால், அதே அழுத்தத்துக்கு முறுக்கும் இரண்டு மடங்கு. ஆனால் குழாய் நீளமானால் கிராங்க் பின்னோக்கிச் சுழன்றுவிடும், பிரேக் அதைத் தடுக்காது. எதிர்ப்பக்கக் கிராங்க்கைப் பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்கம்பியோடு கயிற்றால் இறுகக் கட்டுங்கள். மலிவான பெடலில் அச்சின் இரும்பு மென்மையானது. ஸ்பேனர் ஒருமுறை வழுக்கினாலே அது பிடிக்கும் விளிம்பு முனை மழுங்கும். அங்கேயே நிறுத்திவிடுங்கள், பிறகு எத்தனை முறை முயன்றாலும் சேதம்தான் கூடும்.

சூடு காட்டுவது நமக்கு அவ்வளவு உகந்ததல்ல. இரும்புக் கிராங்க்கில் தீ காட்டினால் முலாம் கருகும், பிளாஸ்டிக் பெடல் உருகும், கிரீஸ் எரியும். அலுமினியக் கிராங்க்காக இருந்தால் மட்டும் கொதிநீர் ஊற்றிப் பார்க்கலாம். அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும்.

முனை மழுங்கிவிட்டால் பெடலைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். வெளிமூடி, நட்டு, கோன் (குண்டுகளை அணைக்கும் கூம்பு), குண்டுகள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி அச்சை மட்டும் நிறுத்துங்கள். இடப்பக்கம் என்றால் காட்டர் பின்னை (கிராங்க்கை நடு அச்சோடு பூட்டும் ஆப்பை) தட்டி எடுத்துக் கிராங்க்கையே கழற்றி, பெடல் அச்சை வைஸில் (மேசையில் பொருத்திய இறுக்குப் பிடியில்) நெரித்து, கிராங்க்கைப் பிடித்துத் திருப்பலாம். கிராங்க்கே நெம்புகோலாகிவிடும், உட்புறத்திலிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். பின்னைத் தட்டும்போது கிராங்க்கின் அடியில் குழாய்த் துண்டு முட்டுக் கொடுக்காவிட்டால் அடியெல்லாம் பேரிங்கில் இறங்கும். வலப்பக்கம் செயின் கவர், சங்கிலி எல்லாவற்றையும் இறக்க வேண்டியிருப்பதால், கிராங்க் சைக்கிளிலேயே இருக்கட்டும். பெடல் அச்சில் பைப் ரிஞ்சு (குழாயைக் கவ்வும் பல் வைத்த ஸ்பேனர்) போட்டுத் திருப்புவதே மேல்.

புதுப் பெடலின் மரையில் கிரீஸ் தடவி, முதல் நான்கு சுற்றைக் கையாலேயே ஏற்றுங்கள்.