435,000 ரூபாயும் அப்பாவின் வாகனத்தின் முன் சில்லு ஹப் இரண்டும் போயின: பழைய ஃபோர் வீல் வாகனம் வைத்திருப்போர் கவனத்துக்கு

இன்று பின்னேரம், எங்கள் வாகனத்தைத் திருத்தக் கொடுத்த கராஜிலிருந்து நான்காவது தடவையாக வெறுங்கையோடு திரும்பி வந்தேன். பஸ்ஸால் இறங்கிய சேலையைக்கூட இன்னும் மாற்றவில்லை. ஆறினால் எழுத மாட்டேன், பிள்ளைகளின் அலுவலில் மறந்துபோவேன். அதனால் இந்தச் சூட்டோடேயே எழுதுகிறேன்.

போனது 435,000 ரூபாய். நான்கு இலட்சத்து முப்பத்தையாயிரம். என் கணவர் கட்டாரில் இரவு வேலையும் சேர்த்துச் செய்து அனுப்பிய காசு.

கராஜின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும். பிரதான வீதியோரமாக, ஃபோர் வீல் வாகனங்களுக்கென்றே நடத்தப்படுவது, முகநூலில் நாளுக்கு ஒரு படம் போடுவது என்று மட்டும் சொல்கிறேன். என்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் ஒழுங்காக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எங்களுடையது 1994ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கெப், எல்.என். 106. அப்பாவின் வாகனம். மட்டக்களப்பு மண்முனையில் பாலம் வருவதற்கு முன்னரே அதைப் படகுப் பாதையில் ஏற்றி, வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்குக் கொண்டுபோய் வந்தவர் அவர். 2014 இல் பாலம் திறந்த பிறகு அதே வாகனத்தில் நான் அந்த வழியால் பள்ளிக்கூடம் போய் வருகிறேன். காலையில் மகளையும் மகனையும் ஏற்றிக்கொண்டு ஆரையம்பதியிலிருந்து புறப்பட்டால் கொக்கட்டிச்சோலை தாண்டி என் பள்ளிக்கூடம். சனி ஞாயிறில் அதே வாகனம் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்குப் போகும். பசளை மூட்டை, நெல் மூட்டை, வயல் குடிசையான வாடிக்குத் தண்ணீர்க் கலன் எல்லாம் அதில்தான். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் செத்த வீட்டுக்கும் அதுதான். எங்கள் வீட்டில் வேறு வாகனம் இல்லை.

அதை விற்றுப் புதியது வாங்கச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 இல் மீண்டும் திறந்தபோது வந்த விலையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு டீச்சர் சம்பளத்துக்கு அது எட்டாத காரியம். அதோடு இந்த எல்.என். 106 இன் முன் அச்சு ஒரே முழு அச்சு, நான்கு பக்கமும் வில்லுத்தகடு. வரம்பிலும் களியிலும் ஏறி இறங்க இதைப் போல ஒன்று இனிக் கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகம். அதனால் இதையே திருத்தி வைத்துக்கொள்வது என்று நானும் கணவரும் முடிவெடுத்தோம்.

வில்லுகள் படிந்துபோயிருந்தன. மூட்டை ஏற்றினால் பின்பக்கம் நிலத்தைத் தேய்க்கும். நான்கு பக்கத்துக்கும் புதிய வில், புதிய ஷொக் அப்சோபர், புதிய புஷ், வாகனத்தை இரண்டு அங்குலம் உயர்த்துவது. கேட்டது அவ்வளவுதான். சோடனை எதுவும் கேட்கவில்லை.

அந்தக் கராஜ்காரரை நான் ஏன் நம்பினேன் என்பதை எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் அதே விதமாகத்தான் உங்களையும் பிடிப்பார்கள். முதல் நாள் போனபோது அவர் வேலையாட்களைக் கூப்பிடவில்லை. வெள்ளைச் சேட்டோடு தானே ஒரு மட்டையை விரித்து வாகனத்துக்குக் கீழே போய்ப் படுத்தார். பத்து நிமிடம் தட்டிப் பார்த்தார். வெளியே வந்து, முதுகு முழுக்க எண்ணெயோடு, “டீச்சர், இந்த அச்சு தங்கம். இதை மாற்றச் சொல்லி எவன் சொன்னாலும் அந்தக் கராஜுக்குத் திரும்பிப் போகாதீர்கள்” என்றார். இன்ஜினுக்கு உயரமான காற்றுக்குழாய் ஒன்றும் பூட்டலாமா என்று கேட்டேன், வெள்ள காலத்துக்கு உதவும் என்று. “அது உங்களுக்குத் தேவையில்லை. வீணாக அறுபதாயிரத்தைக் கரைக்காதீர்கள். அண்ணன் வெளிநாட்டில் படுகிற பாடு எனக்குத் தெரியாதா?” என்றார்.

வருகிற காசை வேண்டாம் என்று சொல்கிறவன் பொய்யனாக இருப்பான் என்று யாருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றவில்லை. அந்த இடத்தில் விழுந்தேன். அறுபதாயிரத்தை விட்டுத்தந்து நான்கு இலட்சத்து முப்பத்தையாயிரத்தை எடுத்துக்கொண்டான்.

பிறகு பிளாஸ்டிக் உறை சுற்றிய ஒரு வில்லைக் காட்டினார். கறுப்பு மை மினுங்கியது. “இது வேறு ஒருவருடையது, உங்களுடையது கொழும்பில் இறங்கியிருக்கிறது, விடுவிக்க முழுக்காசும் வேண்டும்” என்றார். 300,000 ரூபாயை வங்கியில் போட்டேன். அவர் தந்த கணக்கு அவர் பெயரில் இல்லை, மைத்துனருடையது என்றார். மிச்சம் 135,000 ரூபாயைக் கையில் கொடுத்தேன். பற்றுச்சீட்டு கேட்டதற்கு அப்பியாசக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, “கெப் வேலைக்கு பெற்றுக்கொண்டேன்” என்று எழுதித் தந்தார். எந்த வேலை, எந்தச் சாமான், எத்தனை என்று ஒன்றுமில்லை. நானும் வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

தைப்பொங்கலுக்கு மறுநாள் வாகனத்தை விட்டேன். பத்து நாள் என்றார். முப்பத்தொரு நாள் எடுத்தது. அந்த ஒரு மாதமும் ஐந்தரை மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி பஸ்ஸுக்கு நின்றோம். கிடைத்தபோது வாகனம் உயர்ந்து, கழுவித் துடைத்து, பார்க்க அழகாக நின்றது. படம் எடுத்து கணவருக்கு அனுப்பினேன். “அப்பா இருந்தால் சந்தோஷப்படுவார்” என்று அவர் எழுதியதை இன்று மீண்டும் வாசித்தபோது நெஞ்சு அடைத்தது.

மூன்றாவது கிழமை வேளாண்மை வெட்டு, நெல் அறுவடை. வயலிலிருந்து வடியவிட்ட தண்ணீர் வட்டைப் பாதையில் நின்றது. இறங்கி இரண்டு முன் ஹப்பையும் பூட்டுக்குத் திருப்பினேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இந்த வாகனத்தில் முன் சில்லின் நடுவிலே இருக்கிற அந்தக் குமிழைக் கையால் திருப்பினால்தான் சில்லு அச்சோடு பிணையும். பிறகு உள்ளே லீவரைப் போட்டால் நான்கு சில்லும் இழுக்கும். லீவரைப் போட்டேன். முன்னால் கடகடவென்று பல் நழுவுகிற சத்தம். பின் சில்லுகள் மட்டும் சுற்றிச் சுற்றிக் களியைத் தோண்டின. வாகனம் அச்சுவரை புதைந்தது.

வயல் தண்ணீர் அலுவல் பார்க்கிற வட்டவிதானை ஐயா உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து இழுத்துப் போட்டார். ஹப்பிலிருந்த சேற்றைக் கழுவி விட்டுப் பார்த்தேன். அது எங்கள் ஹப் இல்லை. அப்பா வலப்பக்க ஹப்பில் அரத்தால் ஒரு குறி வெட்டி வைத்திருந்தார், அந்தக் குறி இல்லை. நல்ல ஹப் இரண்டையும் கழற்றி எடுத்துவிட்டு, உள்ளே பல் தேய்ந்த எங்கேயோ கிடந்த இரண்டைப் பூட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஹப்பில் வேலை செய்யும்படி நான் கேட்கவே இல்லை.

அன்றிரவு டோர்ச் அடித்துக் கீழே பார்த்தேன். திறப்பால் வில்லைச் சுரண்டினேன். கறுப்பு மை செதில் செதிலாக உரிந்து, அடியில் துருக் குழிகள். பின்பக்கம் தகடுகளை எண்ணினேன். இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஐந்து. இரண்டு முறை எண்ணினேன். தையல் நாடாவால் சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்புவரை அளந்தேன். வாகனம் வந்த அன்று மகன் ஆசைக்கு அளந்து சுவரில் எழுதிவைத்த கணக்கைவிட வலப்பக்கப் பின்புறம் ஒன்றரை அங்குலம் இறங்கியிருந்தது. புதிய ஷொக் அப்சோபர் என்று சொன்னதில் ஒன்று எண்ணெய் கசிந்து மண்ணோடு ஒட்டிக் கிடந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். அடுத்த கிழமை நடந்ததைப் பொறுக்க மாட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வரும்போது பாலத்துக்கு இந்தப் பக்கம் பிரேக்கை மிதித்தேன், பெடல் பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. பின் சில்லு மட்டும் பிடித்தது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, வீதியோர மணலில் ஏற்றி நிறுத்தினேன். பின் ஆசனத்தில் இரண்டு பிள்ளைகளும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து அப்பாவின் காலத்து மெக்கானிக் ஐயா ஒருவர் வந்து பார்த்தார். வாகனத்தை உயர்த்தினால் முன் சில்லு பள்ளத்தில் இறங்கும்போது அச்சு முன்னையதைவிடக் கீழே தொங்கும், பிரேக் ரப்பர் குழாய் அந்தளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். பழைய குழாயையே விட்டிருக்கிறார்கள். அது இறங்கும் ஒவ்வொரு தடவையும் இழுபட்டு இழுபட்டு நுனியில் கிழிந்திருக்கிறது. வில்லைத் தடவிப் பார்த்துவிட்டு, “பிள்ளை, இது சூடு காட்டாமல் பச்சை இரும்பாகவே சம்மட்டியால் அடித்து வளைத்த பழைய வில். ஒரு மாதத்தில் படியத்தான் செய்யும்” என்றார். வில்லைக் கட்டுகிற யூ போல்ட்டும் பழையதுதான், ஒன்றில் புரி கழன்றிருந்தது.

இனி அவர்கள் சொன்ன பதில்கள். முதல் தடவை தொலைபேசியில்: “டீச்சர், புது வில் படிய வேண்டும், பயப்படாதீர்கள்.” இரண்டாம் தடவை: “மூட்டை ஏற்றினீர்களா? அப்படியென்றால் நாங்கள் பொறுப்பில்லை.” மூட்டை ஏற்றத்தான் வில் போடுகிறேன் என்று முதல் நாளே சொன்னவள் நான். அதன் பிறகு வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்பினேன், பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. நேரே போனேன். பொடியன் ஒருவன், “பாஸ் கொழும்புக்குப் போய்விட்டார்” என்றான். உள் அறையில் அவர் குரல் கேட்கிறது. இன்னொரு நாள் ஆள் அகப்பட்டார். என்னைப் பார்த்துக் கதைக்கவே இல்லை. “வீட்டு ஆம்பிளையைக் கதைக்கச் சொல்லுங்கள்” என்றார். கணவர் கட்டாரிலிருந்து எடுத்தபோது, “அண்ணன், டீச்சருக்கு ஃபோர் வீல் ஓட்டத் தெரியாது, ஹப்பை உடைத்துவிட்டார்” என்று சொல்லியிருக்கிறார். பத்தொன்பது வயதில் அப்பா பக்கத்தில் இருந்து பழக்க, களியில் இந்த வாகனத்தை ஓட்டிப் பழகியவள் நான்.

இன்று கேட்டது ஒன்றே ஒன்று. காசை விடுங்கள், என் பழைய வில்லுகளையும் ஹப்பையும் தாருங்கள் என்றேன். “பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாயிற்று” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட எழுந்து போனார். அவர்கள் முகநூல் பக்கத்தில் நான் எழுதிய கருத்தை அழித்து என்னையும் தடுத்துவிட்டார்கள். அதே பக்கத்தில் என் வாகனத்தின் படம் இன்னும் இருக்கிறது, செய்த வேலைக்கு விளம்பரமாக.

பொலிஸில் முறைப்பாடு எழுதினார்கள். பற்றுச்சீட்டில் சாமான் விபரம் இல்லாததால் வழக்கில்லாமல் பேசித் தீர்த்துவைக்கிற இணக்க சபைக்குப் போகச் சொல்கிறார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கும் நாளை எடுப்பேன். 435,000 ரூபாயில் ஒரு சதமாவது திரும்பி வருமா தெரியாது, விடப்போவதில்லை.

கவனிக்க வேண்டியவை. கழற்றிய பழைய சாமான் அத்தனையையும் அன்றன்றே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். முழுக்காசும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள், வேறொருவர் கணக்கில் போடவே போடாதீர்கள். வில்லைப் பூட்டுவதற்கு முன் சுரண்டிப் பாருங்கள், தகட்டை எண்ணுங்கள். உயர்த்தினால் பிரேக் குழாயை நீளமாக மாற்றச் சொல்லி, மாற்றியதைக் கண்ணால் பாருங்கள். வாகனத்தை விடும்போது ஹப், பற்றரி, ஸ்பேர் சில்லு எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். பற்றுச்சீட்டில் சாமானின் பெயரும் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். இன்னும் எழுத இருந்தது, பதினொரு மணி தாண்டிவிட்டது, காலையில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும்.

ஒன்று மட்டும். எல்.என். 106 இன் பழைய முன் ஹப் சோடி ஒன்றை யாராவது மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ விற்கக் கொண்டுவந்தால், வலப்பக்கத்தின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். பூட்டுக் குறிக்கு நேர் கீழே, நகம் நுழையும் ஆழத்தில், அரத்தால் வெட்டிய முக்கோணக் கீறல் ஒன்று இருக்கும். இருந்தால் அது எங்களுடையது. தயவுசெய்து இங்கே எழுதுங்கள், என்ன விலை சொன்னாலும் வந்து வாங்கிக்கொள்கிறேன்.