‘எங்கிருந்தும் எந்நேரமும்’: மனை விளம்பரம் சொல்லாததை அ-பதிவேடு சொல்லும்

சென்னையைச் சுற்றி மனை தேடுபவர்கள் பத்திரத்தைப் பார்க்கிறார்கள், பட்டாவைப் பார்க்கிறார்கள், வங்கிக் கடன் கிடைக்குமா என்று விசாரிக்கிறார்கள். அந்த மண் இதற்கு முன் வயலா, மேய்ச்சல் தரையா, ஓடைக்கரையா என்று கேட்பவர்கள் குறைவு. தமிழக வருவாய்த் துறையின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ தளம் அந்தக் கேள்விக்குக் காசு வாங்காமல் பாதி பதில் சொல்லிவிடும். சென்னைப் பெருநகர் எல்லையை 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 ஆக்கி 2022-ல் அறிவிப்பு வந்தபிறகு, ராணிப்பேட்டை மாவட்ட வயல்வரை இந்தக் கேள்வி போய்விட்டது.

மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு கொடுத்தால் பட்டா வரும். பெரும்பாலோர் அதை அச்செடுத்ததோடு வெளியே வந்துவிடுகிறார்கள். பட்டாவில் பெயர், பரப்பு, தீர்வை (நிலவரி), நன்செய்யா புன்செய்யா என்பவைதான் இருக்கும். தளத்தின் உண்மையான சரக்கு, கிராம நிலக் கணக்கான ‘அ-பதிவேடு’ என்ற பகுதியில் கிடக்கிறது. அதே புல எண்ணைக் கொடுத்து, நான்கு கட்டங்களைப் படியுங்கள்.

முதலாவது, அரசு நிலமா ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலமா) என்பது. இரண்டாவது, நன்செய்யா புன்செய்யா. மூன்றாவது, யாரும் கண்டுகொள்ளாத ‘பாசன ஆதாரம்’. அங்கே ஓர் ஏரியின் பெயர் இருந்தால் அந்த மனை அந்த ஏரியின் ஆயக்கட்டு. அதாவது, மதகிலிருந்து தண்ணீர் தானாகவே ஓடி வந்து சேரும் தாழ்வான இடம். நான்கு அடி சவுடு கொட்டி மேடாக்கினாலும் தண்ணீருக்கு வழி மறந்துபோவதில்லை. மேடாக்காத பக்கத்து மனைக்குள் போய் நிற்கும். பல இடங்களில் கலங்கலில் வழியும் உபரி நீரும் இந்த வயல்களின் ஊடாகத்தான் அடுத்த ஏரிக்குப் போகும். வாய்க்காலை ஒற்றைக் குழாயில் அடைத்து மேலே சாலை போட்டிருந்தால், மழைக்காலத்தில் முதலில் நிரம்புவது அந்தத் தெருதான். நான்காவது, ‘குறிப்பு’ என்ற கடைசிக் கட்டம். ஓடை, வண்டிப்பாதை, களம், மேய்க்கால் போன்ற சொற்கள் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்து புலப்பட வரைபடம். ஓரங்களில் பக்கத்துப் புல எண்கள் எழுதியிருக்கும். அவற்றின் அ-பதிவேட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். உங்கள் மனை ரயத்துவாரியாகவே இருக்கலாம். ஒட்டியிருப்பது வாய்க்கால் புறம்போக்கு என்றால் எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்பதுதான் விவகாரமே. பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் வரும். 0-40.50 என்றால் 40.5 ஏர், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். ஓர் ஏர் 2.47 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி.

இனி குறைகள். எண்ணைச் சரியாகக் கொடுத்தும் ‘பதிவு இல்லை’ என்று வந்தால், பெரும்பாலும் பத்திரம் பழையது. சோழிங்கநல்லூர் வட்டம் 2018-ல் சென்னை மாவட்டத்துக்கு வந்தது. செங்கல்பட்டு 2019-ல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. பத்திரத்தில் உள்ள மாவட்டத்தையே தேர்ந்தெடுத்தால் எதுவும் கிடைக்காது. நகர அளவை முடிந்த ஊர்களில் பழைய புல எண் செல்லாது. நகர்ப்புறம் என்பதைத் தேர்ந்தெடுத்து வார்டு, பிளாக், நகரப் புல எண் தரவேண்டும். பத்திரத்தில் புல எண்ணோடு ‘பகுதி’ (Part) என்று எழுதியிருந்தால் இன்னும் சிக்கல்: மனைப்பிரிவின் தனித்தனி மனைகள், உட்பிரிவு ஆகும்வரை வரைபடத்தில் வரவே வராது. மாதிரி மனைக்கு எதிரே நின்று தரகர் நீட்டும் பட்டா, சில சமயம் மொத்த வயலின் கூட்டுப் பட்டாவாக இருக்கும்.

இதைவிடப் பெரிய குறை, பதிவேட்டின் பார்வையிலேயே இருக்கிறது. அது தீர்வைக்காக எழுதிய கணக்கு. தண்ணீர் தேங்கும் வெளி அதன் கண்ணில் தரிசு. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் பள்ளிக்கரணைச் சதுப்பில், 2022-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது 1,247.54 ஹெக்டேர்தான். புன்செய் ரயத்துவாரி என்று சுத்தமாக வரும் பதிவு, மழைநீர் எங்கே நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் அல்ல. அதற்கு, கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களை நகர்த்திப் பார்ப்பது மேல். பழைய 1,189 சதுர கி.மீ. எல்லைக்குள் என்றால், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) இரண்டாம் முழுமைத் திட்டத்தின் நிலப்பயன்பாட்டையும் புல எண்ணை வைத்துப் பாருங்கள். செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, வேளாண் பகுதி என்று வந்தால் தரகர் சொல்லும் ‘அப்ரூவல் வந்துடும்’ எந்த அளவுக்கு உண்மை என்று தெரிந்துவிடும். 20.10.2016-க்குப் பிறகு போட்ட அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுக்கு 2017 வரன்முறைத் திட்டம் பொருந்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தளத்தை இன்னொன்றுக்கும் பயன்படுத்தலாம்: மனைப்பிரிவின் திறந்தவெளியைச் சரிபார்க்க. விளம்பரத்தில் உள்ள புல எண்களின் பரப்பைக் கூட்டுங்கள். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தந்தே ஆகவேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டவும் இடமுண்டு. 3,000-க்குள் என்றால் எதுவுமில்லை. ஒரே பெயரில் அடுத்தடுத்த உட்பிரிவுகள், ஒவ்வொன்றும் 29 ஏர் (2,900 சதுர மீட்டர்), தனித்தனி ‘நகர்’ பெயர்கள் என்று வந்தால் அங்கே ஏன் பூங்கா இல்லை என்பது புரிந்துவிடும். விற்பனைப் படத்தில் பச்சை அடித்த ‘பூங்கா’ உண்மையில் கைமாறியதா என்று பார்க்க, பதிவுத் துறைத் தளத்தில் அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கம் எடுங்கள். தானப் பத்திரம் அங்கே பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளை அந்த இடத்துக்கும் மனை எண் விழலாம்.

அச்செடுத்த பட்டாவின் கீழே ஒரு குறிப்பு எண் இருக்கும். யாராவது காகிதத்தை நீட்டினால், அந்த எண்ணைத் தளத்தில் நீங்களே அடித்துப் பாருங்கள். அச்செடுத்த தேதியையும் பாருங்கள்; மூன்று வருஷம் பழைய பட்டா, மூன்று வருஷம் முன்பு யார் பெயரில் இருந்தது என்பதை மட்டுமே சொல்லும்.