அஞ்சு கட்டையில் பாடும் கரண்டு: இரண்டு பேஸ், இரண்டு செட் ஸ்ட்ரிங், ஒரு ஒப்பீடு

"அண்ணா, உங்க பேஸ் வருது. ஆனா என்ன நோட்டு வாசிக்கிறீங்கன்னுதான் தெரியல."

போன ஆடியில், சேலம் அம்மாப்பேட்டை பக்கம் ஒரு கோயில் மேடையில், சவுண்டு சர்வீஸ் தம்பி சொன்னது இது. எனக்குச் சுருக்கென்றது, ஆனால் அவன் சொன்னதில் தப்பில்லை. வீட்டில் எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் வைத்த சின்ன ஆம்ப்பில் கணீரென்று கேட்ட என் பேஸ் கிட்டார், மேடையில் ஆளுயர பாக்ஸ் வழியாக வெறும் உறுமலாக வந்துகொண்டிருந்தது. நெஞ்சு அதிர்ந்ததே தவிர, பாட்டு எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அன்றைக்குத் தொடங்கிய ஆராய்ச்சி இந்த மே மாதம் ஏற்காட்டில் ஒரு ரிசப்ஷனில்தான் ஒருவழியாக முடிந்தது.

என்னிடம் இருப்பது இரண்டு பேஸ். ஒன்று பிரிசிஷன் வகை. நடுவில் இரண்டாகப் பிளந்த ஒரே பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்), ஒரு வால்யூம், ஒரு டோன், பேட்டரி கிடையாது. மற்றொன்று ஜாஸ் வகை. அதில் இரண்டு பிக்கப், உள்ளே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு பிரீஆம்ப் (ஆம்ப்புக்குப் போகும் முன்பே சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்). இரண்டுமே விலை குறைந்த காப்பிகள்தாம். ஃபெண்டரின் அசல் பிரிசிஷன் வந்தது 1951-ல், பிளந்த பிக்கப் அதில் ஏறியது 1957-ல், ஜாஸ் பேஸ் 1960-ல். பேட்டரியும் பிரீஆம்ப்பும் வைத்த பேஸைப் பரவலாக்கியது 1976-ல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே. இன்று கடையில் தொங்குகிற பேஸ்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதோ ஒன்றின் பேரன், கொள்ளுப்பேரன்.

ஆடியில் வாசித்தது ஜாஸ், அதில் ரவுண்டு ஸ்ட்ரிங். பிரிசிஷனிலும் ரவுண்டுதான். எனக்கு வந்த முதல் யோசனை, எல்லோருக்கும் வருவதுபோலவே, பிரீஆம்ப்பைத் தூக்கிவிட்டு நல்லதாக ஒன்று வாங்கிப் போடலாம் என்பதுதான். கை அரித்தது. நல்லவேளை, காசு இல்லை. அதற்குப் பதிலாக ஒரு செட் பிளாட் ஸ்ட்ரிங் மட்டும் வாங்கினேன். முதலில் அதைப் பிரிசிஷனில் மாட்டி இரண்டு மாதம், பிறகு ஜாஸில் மாற்றி இரண்டு மாதம். பாட்டு லிஸ்ட் ஏறக்குறைய ஒன்றே, சவுண்டு சர்வீஸும் ஒன்றே. அக்கா பையன் ஒவ்வொரு முறையும் கூட்டத்துக்குப் பின்னால், பலூன்காரர் நிற்கிற இடத்தில் நின்று போனில் ரெக்கார்டு பண்ணினான். போன் மைக்கில் அடி பேஸ் ஏறாது என்பது இங்கே ஒரு வசதி. அந்த ரெக்கார்டிங்கிலேயே நோட்டு புரிகிறதென்றால், நேரில் கேட்பவருக்கும் புரிய வாய்ப்பு அதிகம்.

சரி, ஸ்ட்ரிங்குக்கு வருவோம். ரவுண்டு என்றால் உள்ளே ஓடும் கம்பியைச் சுற்றி உருண்டைக் கம்பி சுற்றியிருக்கும். விரலை ஓட்டினால் வரிவரியாகத் தட்டுப்படும். பிளாட்டில் சுற்றியிருப்பது தட்டையான நாடா, தடவினால் வழவழவென்றிருக்கும். நான் எடுத்தது இரண்டுமே டடாரியோ கம்பெனி, இரண்டுமே 45 முதல் 100 வரையிலான கனம் (இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). கனம் ஒன்றாக இல்லாமல் ஒப்பிட்டால் எதை ஒப்பிடுகிறோம் என்பதே குழம்பிவிடும். பிளாட் ஒரு செட் வாங்கும் காசில் ரவுண்டு கிட்டத்தட்ட இரண்டு செட் வாங்கிவிடலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டாதீர்கள்.

புது ரவுண்டுக்கு ஈடு எதுவுமில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நோட்டிலும் ஒரு பளபளப்பு, பியானோவின் அடிக் கட்டைகளைப் போல. அதுவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரவுண்டு என்றால் இன்னும் கூர்மை. (ஸ்டெயின்லெஸ் என்றால் என்ன என்று சேலத்துக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே ஆலை ஓடுகிறது.) இந்த வகையை 60-களில் பிரபலமாக்கியது இங்கிலாந்தின் ரோட்டோசவுண்டு ஸ்ட்ரிங் கம்பெனியும், தி ஹூ ராக் குழுவில் பேஸ் வாசித்த ஜான் என்ட்விசிலும். நிக்கல் பூசியது கொஞ்சம் சாந்தம், கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளையும் அவ்வளவாக அறுக்காது.

ஆனால் அந்தப் பளபளப்புக்கு ஆயுள் குறைவு. சேலத்து மேடையில், ஹாலஜன் லைட்டுக்குக் கீழே மூன்று மணி நேரம் வாசித்துப் பாருங்கள். விரல் வேர்வை முழுக்க அந்த வரிகளுக்குள் இறங்கி அழுக்காக உட்கார்ந்துவிடும். வாரம் இரண்டு கச்சேரி என்றால் எனக்கு ஒரு மாதம் தாண்டுவதில்லை. அதற்குப் பிறகு ரவுண்டு செத்துவிடுகிறது, ஆனால் பிளாட் மாதிரி அழகாகச் சாவதில்லை. சத்தம் மந்தமாகிறது, ஸ்ருதியும் சரியாக நிற்பதில்லை. ஆடியில் தம்பி கேட்டது அப்படிச் செத்த ஸ்ட்ரிங்கைத்தான்.

வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைக்கும் வைத்தியம் உண்டு. கழற்றி, வட்டமாகச் சுருட்டி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிடும். எடுத்து உடனே துணியால் துடைத்து, ஹேர் டிரையர் காட்டிக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே துருப்பிடிக்கும். உயிர் வரும், உண்மைதான், ஆனால் ஓரிரு வாரத்துக்கு. கழற்றி மாட்டுகிற ஒவ்வொரு முறையும் டியூனிங் சாவியில் மடிந்த இடம் பலவீனமாகும் என்பதால் இதை இரண்டு தடவைக்கு மேல் செய்வதில்லை. தவிர, ரசம் வைக்கிற பாத்திரத்தில் இதைச் செய்தால் வீட்டில் நடக்கும் கச்சேரி தனி.

பிளாட் நேர் எதிர். மாட்டிய அன்றைக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பெட்டியைத் திறந்து வாசித்தால் கம்பளி போர்த்தியதுபோல ஒரு சத்தம். போதாக்குறைக்கு இழுவிசையும் கூடுதல், கழுத்து முன்னால் வளைந்து ஸ்ட்ரிங் உயரம் ஏறிவிட்டது. கழுத்துக்குள் ஓடி வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடை ஆலன் கீயால் கால் சுற்று இறுக்கி, ஒரு நாள் விட்டு, மறுபடி பார்த்துத்தான் சரிசெய்தேன். (ஒரே மூச்சில் முழுச் சுற்று சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.) ஆனால் மூன்றாவது கச்சேரியில் பலூன்காரர் பக்கத்திலிருந்து வந்த ரெக்கார்டிங்கைக் கேட்டபோது எனக்கே ஆச்சரியம். ரிதம் பேடும் (எலக்ட்ரானிக் டிரம்) தபேலாவும் போட்டுச் சாத்துகிற நேரத்தில்கூட ஒவ்வொரு நோட்டும் உருண்டையாக, தொடங்கிய இடமும் முடிந்த இடமும் தெரிய நின்றது. ஓசை நீளாமல் சட்டென்று அடங்குகிறது. எதிரொலி அடிக்கிற கல்யாண மண்டபத்தில் இது பெரிய புண்ணியம். வரியே இல்லாததால் வேர்வை தங்க இடமில்லை, வாரங்கள் போனாலும் சத்தம் அதேதான்.

அமெரிக்காவின் மோடவுன் ரெக்கார்டு கம்பெனியின் பழைய பதிவுகளில் பேஸ் மேதை ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்ததும் பிளாட்டில்தான். லா பெல்லா என்ற ஸ்ட்ரிங் கம்பெனியின் தடித்த செட், அறுந்தால் தவிர மாற்றமாட்டாராம். பேஸின் உடலில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பாலத்தின் மூடிக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சும் இருக்கும். நானும் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, பாலத்தை ஒட்டி ஸ்ட்ரிங்குக்கு அடியில் செருகிப் பார்த்தேன். 70-களின் பாட்டு வரும்போது செருகுவது, குத்துப்பாட்டு வந்தால் உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வது. பத்து ரூபாய்க்கு இதைவிட நல்ல எஃபெக்ட் பெடல் இல்லை.

பிளாட்டை ஜாஸுக்கு மாற்றியபோதுதான் விஷயம் பிடிபட்டது. பேஸ் வேறு, பிக்கப் வேறு, பிரீஆம்ப் வேறு. ஆனாலும் போன் ரெக்கார்டிங்கில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் கேட்டன. அதே பிரிசிஷனில் பிளாட்டையும் பழைய ரவுண்டையும் ஒப்பிட்டால் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள். எலக்ட்ரானிக்ஸை மாற்ற நினைத்த காசை ஸ்ட்ரிங்கில் போட்டது சரி என்று அன்றைக்கு முடிவானது.

அதற்காக எலக்ட்ரானிக்ஸில் வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை. சத்தத்தைவிடத் தொல்லையில்தான் வித்தியாசம். ஜாஸின் இரண்டு பிக்கப்பும் தனித்தனி ஒற்றைச் சுருள். இரண்டையும் முழுசாகத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடித்துவிடும். ஒன்றைக் கொஞ்சம் குறைத்தால் போதும், 'ங்ங்ங்' என்று ஆரம்பித்துவிடும். கோயில் மேடையில் சீரியல் செட்டும் ஜெனரேட்டரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நம் ஊர்க் கரண்டு 50 ஹெர்ட்ஸ். இருப்பதில் தடித்த ஈ ஸ்ட்ரிங்கின் மூன்றாவது கட்டத்தில் வரும் ஜி, அதாவது நம் அஞ்சு கட்டை, 49 ஹெர்ட்ஸ். ஆகக் கரண்டு எப்போதும் அஞ்சு கட்டை ஸ்ருதியில், கொஞ்சம் ஏற்றிப் பாடிக்கொண்டிருக்கிறது. பாடகர் அஞ்சு கட்டையில் எடுத்தால் அபஸ்வரம் அடிப்பது நானா கரண்டா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். பிரிசிஷனின் பிளந்த பிக்கப்பில் இரண்டு பாதியும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் இந்தப் பாட்டு கிடையாது. (ஸ்ட்ரிங்கைத் தொட்டபடி மைக்கில் உதடு பட்டதும் சுள்ளென்றால் அது பேஸின் குறை இல்லை. மேடைக்கு எர்த் இல்லை என்று அர்த்தம். வாசிப்பை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.)

பேட்டரி இல்லாத பேஸில் நீள ஒயர் ஆகாது. ஒயர் நீளநீள மேல் சத்தத்தைத் தின்றுவிடும். ஆறு மீட்டர் ஒயரோடு நிறுத்தி, டிஐ பாக்ஸைக் (சிக்னலை மிக்ஸர் வரை நீள ஒயரில் கெடாமல் அனுப்பும் பெட்டி) காலடியில் வைத்துக்கொண்டால் கவலையில்லை. பிரீஆம்ப் உள்ள பேஸுக்கு இந்தத் தொந்தரவு குறைவு, அது ஒன்றுதான் எனக்கு அதில் தெரிந்த உருப்படியான லாபம். மற்றபடி டோன் திருகில் மேல் சத்தத்தை வெட்டும் கண்டன்சரை மாற்றினால் சொர்க்கம் தெரியும் என்பதெல்லாம் கட்டுக்கதை. வழக்கமான அளவு 0.047 மைக்ரோஃபாரட், மேலே 473 என்று அச்சடித்திருக்கும். டவுனில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டபோது "ஃபேனுக்கா?" என்றார். அவர் கொடுத்த சில்லறைக் காசு கண்டன்சருக்கும், நண்பன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த விலை உயர்ந்ததற்கும் அதே 473-ல் எந்த வித்தியாசமும் என் காதுக்குக் கேட்கவில்லை.

ஆடி மேடையின் உறுமலுக்கு வருகிறேன். பாதிக் குற்றம் செத்த ஸ்ட்ரிங்கின்மேல், மீதி என்மேல். திறந்த ஈ ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ். வீட்டு ஆம்ப்பின் எட்டு இஞ்ச் ஸ்பீக்கருக்கு அது எட்டாது. அதன் மடங்குகளாக மேலே வரும் 82, 123 ஆகியவற்றைக் கேட்டுக் காதுதான் அடியை இட்டு நிரப்பிக்கொள்கிறது. அது போதாதென்று பிரீஆம்ப்பில் அடிச் சத்தத்தை ஏற்றும் பேஸ் பட்டனை முக்கால்வாசி திருப்பி வைத்திருந்தேன். மேடையில் அந்தப் பெரிய பாக்ஸுக்கு அதே சிக்னல் போனால் என்ன ஆகும்? ரிதம் பேடின் கிக் அடியோடு மோதிக் குழம்பாகிவிட்டது. இப்போது பேஸ் பட்டன் நடுவில், 500 ஹெர்ட்ஸ் பக்கம் மிட் (நடுச் சத்தம்) மட்டும் ஒரு பொட்டு ஏற்றம். வீட்டில் தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும். மேடையில் அதுதான் நோட்டு.

மே மாதம் ஏற்காட்டு ரிசப்ஷனுக்கு வேண்டுமென்றே இரண்டு பேஸையும் எடுத்துப்போனேன். பிளாட் மறுபடி பிரிசிஷனில், ஜாஸில் புது ரவுண்டு. மத்தியானம் சேலத்தில் வேர்க்க வேர்க்க டியூன் பண்ணி, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ராத்திரி பெட்டியைத் திறந்தால் இரண்டுமே ஸ்ருதி ஏறிப்போயிருந்தன. குளிரில் எஃகு சுருங்குகிறது, ஸ்ட்ரிங் இறுகுகிறது. ஜாஸில் தொடங்கினேன். புது ரவுண்டு அந்த ஹாலில் அமர்க்களமாகத்தான் இருந்தது, மூன்றாவது பாட்டு வரை. பிறகு சத்தம் கரகரத்து, தேய்ந்து, நின்றுவிட்டது. முதல் நாள் ராத்திரி ஒயரைப் பிடுங்காமல் விட்டிருந்தேன். ஒயர் செருகியிருக்கும் வரை பிரீஆம்ப் ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்பது தெரிந்திருந்தும். அந்த நேரத்தில் ஏற்காட்டு ஒண்டிக்கடைப் பகுதியில் எவன் 9 வோல்ட் பேட்டரி விற்கப் போகிறான்? கிட்டார்காரர் தன் பெடலிலிருந்து கழற்றித் தர வந்தார். அதற்குள் பிரிசிஷனை மாட்டியிருந்தேன்.

மீதிக் கச்சேரி அதிலேயே போனது. சர்ச் கொயருக்கும் காலேஜ் பேண்டுக்கும், கட்டைவிரலால் தட்டி வாசிக்கிற தம்பிகளுக்கும் ஜாஸும் ரவுண்டும்தான் சரி, மாதாமாதம் ஸ்ட்ரிங்குக்குக் காசு எடுத்துவைத்தால். மெல்லிசைக் கச்சேரிக்கு எனக்குப் பிளாட் போட்ட பிரிசிஷன். அதிலும் ஒரு குறை இருக்கிறது. மற்ற மூன்றும் கனமாகப் பேசும்போது ஜி ஸ்ட்ரிங் மட்டும் கொஞ்சம் மெலிகிறது. பிக்கப்பின் அந்தப் பக்கத்துத் திருகை அரைச் சுற்று மேலேற்றி வைத்திருக்கிறேன்.