சீனக் கல்விச் சுற்றுலா: ஊர்ப் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்

போன மே மாதம் எங்கள் கல்லூரி வரலாற்றுத் துறை மாணவர்கள் 24 பேரை 9 நாள் கல்விச் சுற்றுலாவாகச் சீனாவுக்கு அழைத்துப் போனேன். தலைக்கு 1,42,000 ரூபாய். நகையை அடகு வைத்துக் கட்டிய பெற்றோரும் உண்டு. பெய்ஜிங், சியான், கடைசியாகக் குவான்சோ.

எங்களுக்கு அந்தக் கடைசி ஊர்தான் முக்கியம். 1281இல் ஒரு சிவன் கோயிலுக்காக வெட்டிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்த துறைமுக நகரம் அது. அங்கே கையுவான் புத்தர் கோயிலின் பின்பக்கத் தூண்களில் நரசிம்மர் சிற்பம்கூட இருக்கிறது.

பெய்ஜிங்கில் அரண்மனை அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை கூட்டிப் போனார்கள், எங்கள் டிராவல் ஏஜென்ட்டின் ஆட்கள். திங்கள் விடுமுறை. மறுநாள் போகலாம் என்றால், பாஸ்போர்ட் எண் கொடுத்து இணையத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டிய டிக்கெட் தீர்ந்திருந்தது. இது தெரியாமலா ஏஜென்ட் தொழில் செய்கிறார்?

அதற்குப் பதில் பச்சைக்கல் கடை, பட்டுக் கடை, அப்புறம் ஒரு 'மருத்துவ நிலையம்'. பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, கால்களை வெந்நீர்த் தொட்டியில் வைக்கச் சொன்னார்கள். வெள்ளை அங்கி போட்ட ஒருவர் நாடி பிடித்துப் பார்த்து, 19 வயதுப் பெண்ணிடம் "சிறுநீரகம் பலவீனமாக இருக்கிறது, மூன்று மாத மருந்து வாங்கு" என்றார். அவள் அங்கேயே அழுதுவிட்டாள். அன்று ராத்திரி முழுக்க அம்மாவோடு போனில் இருந்தாள். இதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

சியானில் சுடுமண் வீரர் பொம்மை செய்யும் கடையில் இரண்டு மணி நேரம். சீனாவின் முதல் பேரரசர் கல்லறைக்காகச் செய்த உண்மையான சுடுமண் படைக்கு நாற்பது நிமிடம்.

உள்நாட்டு விமான டிக்கெட்டை "அங்கே போய்த் தருகிறோம்" என்று சொல்லியிருந்தார்கள். சியான் விமான நிலையத்தில் போர்டிங் பாஸைப் பார்த்தால், குவாங்சோ! குவான்சோ ஃபூஜியான் மாகாணம், குவாங்சோ குவாங்டாங் மாகாணம். நடுவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். போன் போட்டால் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்கிறார் ஏஜென்ட். அங்கே எங்களைக் கூட்டிப் போனது தோல்பை மொத்தச் சந்தைக்கு. ஒரு மாணவி கல்வெட்டு வரிகளை நோட்டில் எழுதி, தூண் சிற்பங்களை வரைய நான்கு பக்கம் விட்டிருந்தாள். அந்த நோட்டை அவள் வெளியே எடுக்கவே இல்லை.

போகிறவர்கள் முழுப் பணம் கட்டும் முன் உள்நாட்டு டிக்கெட்டைக் கையில் வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு ஊரையும் மாகாணப் பெயரோடு, சீன எழுத்திலும் எழுதித் தரச் சொல்லுங்கள். கடைகளுக்குக் கூட்டிப் போகமாட்டோம் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

ஏமாந்து வாங்கியிருந்தால் ரசீதைத் தொலைக்காதீர்கள். 2013 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சீனச் சுற்றுலாச் சட்டத்தின் 35ஆவது பிரிவு, இப்படிக் கடைக்கு இழுத்துப் போய் விற்ற பொருளைத் திருப்பித் தர, பயணம் முடிந்து 30 நாள் அவகாசம் தருகிறது. சியானில் மருத்துவம் படிக்கும் ஒரு தமிழ்ப் பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதைக் காட்டிக் கேட்டதில் பச்சைக்கல் கடையில் வாங்கிய வளையல்களின் பணமும் மருந்துப் பணமும் திரும்பி வந்தன.

குவான்சோவுக்குக் கூட்டிப் போகாததற்கு ஈடாக ஏஜென்ட் தலைக்கு 3,000 ரூபாய் தருகிறாராம். வாங்க மறுத்துவிட்டோம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போட்டிருக்கிறோம்.