கிவி கத்தி: கடைச் சமையலறைக்குப் புதிதாக வருபவருக்கு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் புதிதாகச் சேர்ந்தவர் கைக்கு முதலில் வருவது வெங்காய மூட்டைதான். அதற்குத் தாய்லாந்தின் ‘கிவி’ பிராண்ட் கத்தி அருமையானது, விலையும் மலிவு. அலகு மெலிது, வெங்காயம் நசுங்காமல் அறுபடும், கண்ணெரிச்சலும் குறையும். கனமில்லாததால் மத்தியானக் கூட்டத்துக்குள் மூட்டையை முடிக்க மணிக்கட்டு தாங்கும்.

எஃகு மென்மையானது என்பதால் கூர் சீக்கிரம் மழுங்கும். தினமும் வேலை தொடங்குமுன் 1000 கிரிட் (நடுத்தரச் சொரசொரப்பு) சாணைக்கல்லை நனைத்து, அலகை 15 முதல் 20 டிகிரி சாய்த்து, பக்கத்துக்குப் பத்துத் தடவை இழுத்தால் போதும். மழுங்கிய கத்தியைத்தான் அழுத்தி வெட்டுவோம். வழுக்கி விரலில் இறங்குவதும் அப்போதுதான். தக்காளித் தோலில் வைத்துப் பாருங்கள்: அழுத்தாமலே இறங்க வேண்டும்.

கோழி எலும்பில் போடவே கூடாது, விளிம்பு மடங்கிவிடும். அதற்குக் கனமான வெட்டுக்கத்தி தனியாக இருக்கட்டும். மரப்பிடி தண்ணீரில் ஊறினால் உப்பி வெடிக்கும். அதைவிட முக்கியம், கத்தியைச் சிங்க்கில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். சவர்க்கார நுரைக்குள் கத்தி தெரியாது, பாத்திரம் கழுவுகிறவர் கை கிழியும். கையோடு கழுவித் துடைத்து மாட்டிவிடுங்கள். பலகைக்கு அடியில் ஈரத்துணி விரிக்காமல் வெட்டத் தொடங்க வேண்டாம்.