7,400 ரூபாய்க்குக் கசகசா வாங்கிய கதை

“பிள்ளை, இது பலூடாவுக்குப் போடுற கசகசா எல்லோ?” என்று மாமி கேட்டபோதுதான் எனக்கு முதல் தடவையாக வயிற்றைக் கலக்கியது. ‘நீல ரோஜா’ என்று ஒட்டியிருந்த பக்கற்றில் இருந்த விதைகளைத்தான் கோப்பையில் ஊறப் போட்டிருந்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு கறுப்பு விதையைச் சுற்றியும் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஜெலி பிடித்திருந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் பலூடா குடித்து வளர்ந்த எவருக்கும் அதை, நாங்கள் கசகசா என்கிற திருநீற்றுப்பச்சை விதையை, அடையாளம் சொல்லித் தரத் தேவையில்லை.

கதை அக்காவில் தொடங்குகிறது. அவள் ரொறன்ரோவில் இருக்கிறாள். ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் நிலவறையில் விளக்குப் போட்டு, தட்டுத் தட்டாகத் தக்காளியும் கறிமிளகாயும் முளைக்க வைத்து வட்ஸ்அப்பில் படம் அனுப்புவாள். வெளியே உறைபனி விழும் காலம் போய், மே மாத நடுவில் அல்லது கடைசியில்தான் அங்கே கன்றைத் தோட்டத்தில் வைக்கலாம். அதுவரை காத்திருந்து விதைத்தால் காய் பழுக்குமுன் கோடை முடிந்துவிடும். அதனால்தான் ஆறு, எட்டுக் கிழமை முன்னதாகவே வீட்டுக்குள் விதைக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை பிடித்தது. மூன்றாம் மாடி ஃபிளாட், நான்கடி பல்கனி. ஆசைக்கு அளவு ஏது?

அந்த நேரம் பார்த்து முகநூலில் ஒரு விளம்பரம். ‘வீட்டுக்குள் நாற்று வளர்க்கும் முழுத் தொகுதி’: மூடியோடு இரண்டு தட்டு, சூடாக்கும் பாய், ஊதா விளக்கு, 20 வகைக் காய்கறி, பூ விதைகள். 6,950 ரூபாய், கூரியருக்கு 450. பொருள் கைக்கு வந்தபின் காசு கொடுத்தால் போதும் என்றதும் நம்பிவிட்டேன். ஆனால் காசு கொடுக்காமல் பெட்டியைத் திறக்க முடியாது என்று கூரியர் தம்பி சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு அதுதான் உத்தரவு. பெட்டிக்குள் பில் இல்லை, கடையின் பெயர் இல்லை, முகவரி இல்லை.

சரி, விதைப்போம் என்று ஆரம்பித்தேன். ‘டியூலிப்’ பக்கற்றில் மஞ்சள் கலந்த சின்ன உருண்டைகள். மூன்றாம் நாளே முளைத்தன, இதய வடிவில் இரட்டை இலை. கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தேன், சுள்ளென்று கடுகு. டியூலிப்பின் விதை தட்டையாகக் காகிதத் துண்டு போல இருக்கும் என்று அக்கா பிறகு சொன்னாள். அதை விதையில் இருந்து வளர்த்தால் பூக்க நாலைந்து வருடமாவது ஆகுமாம். கிழங்கு வைத்தாலும் அதற்குக் குளிர்காலம் வேண்டும். கொழும்பில் குளிர்காலத்துக்கு நான் எங்கே போக?

நீல ரோஜா அதைவிட மோசம். ரோஜாவில் நீலத்துக்கான நிறமியே இயற்கையாக உண்டாகாது. ஜப்பானில் சன்டோரி நிறுவனம் மரபணுவை மாற்றி ஒரு ரோஜாவை உருவாக்கி 2009 இல் விற்பனைக்கு விட்டது. அதுவும் பார்வைக்கு இளஊதாதான். ஆகவே எவராவது நீல ரோஜா விதை விற்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே தேவையில்லை.

தக்காளி மட்டும் உண்மையான தக்காளி. ஆனால் 30 விதையில் நாலுதான் வந்தது. பக்கற்றின் திகதி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். அடியில் இன்னொரு திகதி, 2021. மீதி விதையில் பத்தை ஈரமான டிசுவில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் பத்து நாள் வைத்தேன். முளைத்தது ஒன்று.

வந்த நாலையும் கொன்றது நான்தான், அவர்கள் தந்த தாளில் எழுதியிருந்தபடி செய்ததால். பாயைச் சூடாக்கு, மூடியை எடுக்காதே என்று இருந்தது. தக்காளி முளைக்க 25 முதல் 30 பாகை செல்சியஸ் போதும். மார்ச் மாதக் கொழும்பில் மின்விசிறி போட்ட அறையே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. குளிர்ந்த நிலவறைக்குச் செய்த பாயை இங்கே போட்டு, மேலே மூடியும் போட்டால் உள்ளே புட்டுப் பானைதான். ஒரு காலை பார்த்தால் நாலு நாற்றும் மண்ணோடு ஒட்டிய இடத்தில் நூலாகச் சுருங்கி, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. நாற்றழுகல். காற்றில்லாத ஈரத்தில் பூஞ்சணம் செய்கிற வேலை. ஊதா விளக்கும் வீண். நமக்கு வருடம் முழுக்க ஏறத்தாழ 12 மணி நேரப் பகல் இருக்கிறது, பல்கனி வெளிச்சம் தாராளம். லெட்டியூஸ் ஒன்றுகூடத் தலை காட்டவில்லை. அதில் விதை பழசா, அல்லது இந்தச் சூட்டில் அது உறங்கிவிட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

படங்களோடு விற்றவருக்கு எழுதினேன். “தண்ணீர் கூடிட்டுது சிஸ்” என்று ஒரு பதில். கடுகுப் படத்தை அனுப்பியதும் தடை செய்துவிட்டார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து முறையிடலாம். ஆனால் யார் மீது என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? ஆகவே வாங்குமுன் பில் தருவார்களா, முகவரி என்ன என்று எழுத்தில் கேளுங்கள். பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடுங்கள். விதைப் பக்கற்றில் பொதி செய்த திகதி, முளைதிறன் சதவீதம், தொகுதி இலக்கம் மூன்றும் இருக்கிறதா, திகதிக்கு மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது விவசாயத் திணைக்களத்தின் விற்பனை நிலையத்தில்தான் விதை வாங்குகிறேன். சந்தேகம் வந்தால் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்கலாம். யோகட் கோப்பையின் அடியில் ஓட்டை போட்டு, தும்புத்தூளும் கொம்போஸ்டும் கலந்து, மூடி எதுவும் இல்லாமல் பல்கனியில் வைத்தேன். பத்தில் எட்டுத் தக்காளி நிற்கிறது. பூவுக்குப் பொறுமை இல்லை. பத்தரமுல்லைக்குப் போய், தியத்த உயனவில் செவ்வந்திக் கன்றாகவே வாங்கி வந்துவிட்டேன்.

போன கிழமை அதே விளம்பரம் வேறு பெயரில் திரும்ப வந்தது. அதே படம். இந்த முறை நிதானமாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாற்றுத் தட்டுக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேரென்று பனி. விலை இப்போது 8,950.