ஐஸ்கஸி லாகின்: கேட்டு அனுப்புவதா, கேட்காமலே அனுப்புவதா?

ஐஸ்கஸி என்பது வேறு பெட்டியில் இருக்கும் டிஸ்க்கை நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் முறை. அதில் இனிஷியேட்டரும் (டிஸ்க்கைப் பயன்படுத்தும் சர்வர்) டார்கெட்டும் (டிஸ்க்கைத் தரும் பெட்டி) லாகினில் பேரம் பேசும் பாராமீட்டர்களில் ஆளைக் குழப்புவது இரண்டு: இனிஷியல்ஆர்2டி, இமீடியட்டேட்டா. முதலாவது 'யெஸ்' என்றால், டார்கெட் "தயார், அனுப்பு" என்று ஆர்2டி கொடுக்கும்வரை டேட்டாவைத் தனி பிடியூவாக (ஐஸ்கஸியின் ஒரு செய்திப் பொதி) அனுப்பக் கூடாது. இரண்டாவது 'யெஸ்' என்றால், ரைட் கட்டளை போகிற பிடியூவிலேயே கொஞ்சம் டேட்டாவையும் ஏற்றிவிடலாம், அதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.

டிஃபால்ட்டில் இரண்டும் 'யெஸ்'. இதை ஒரு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் பக்கத்தோடு ஒப்பிட்டால் புரியும். பக்கம் 8 கேபி. டார்கெட் ஒரு பிடியூவில் வாங்கிக்கொள்ளும் டிஃபால்ட் அளவும் 8192 பைட். ஒரே மூச்சில் போய்விடுகிறது, ஆகவே இனிஷியல்ஆர்2டி எதுவாக இருந்தாலும் கவலை இல்லை. அதே இடத்தில் இன்னோடிபியின் (மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் ஸ்டோரேஜ் என்ஜின்) 16 கேபி பக்கம் வந்தால் பாதி கட்டளையோடு போகும், மீதிப் பாதி ஆர்2டிக்காகக் காத்துக் கிடக்கும். ஒரே ரேக்குக்குள் இது உறைக்காது. போய்த் திரும்ப 10 மில்லிசெகண்ட் ஆகிற லிங்க் என்றால் 10-இல் முடிய வேண்டிய ரைட் 20 ஆகிவிடும்! இங்கேதான் இனிஷியல்ஆர்2டி 'நோ' ஜெயிக்கிறது. ஃபர்ஸ்ட்பர்ஸ்ட்லெங்த் என்ற வரம்பு வரை, அதாவது டிஃபால்ட்டாக 64 கேபி வரை, கேட்காமலே அனுப்பலாம்.

பெரிய ரைட்டுக்கு இந்த லாபம் கரைந்துவிடும். 1 எம்பி எழுதும்போது முதல் 64 கேபி சும்மா போனாலும், மீதி 960 கேபிக்கு ஒரு ஆர்2டிக்கு டிஃபால்ட்டாக 256 கேபி வரை என்ற கணக்கில் அதே 4 ஆர்2டிதான்.

டார்கெட் பக்கம் நின்று பார்த்தால் கதை வேறு. கேட்காமல் வருவதற்கு இடம் ஒதுக்கி வைக்க வேண்டும்: 100 செஷன், ஒவ்வொன்றிலும் 32 கட்டளை, தலா 64 கேபி என்றால் 200 எம்பி. அந்த 64-ஐ 256 கேபிக்கு ஏற்றினால் 800 எம்பி. மெமரி குறைவான பெட்டி இனிஷியல்ஆர்2டிக்கு 'யெஸ்' என்று அடம்பிடிப்பதில் நியாயம் இருக்கிறது.

அடம்பிடித்தால் அதுவே நடக்கும், ஏனென்றால் இனிஷியல்ஆர்2டிக்கு விதி 'அல்லது', ஒரு பக்கம் 'யெஸ்' சொன்னாலே 'யெஸ்'. இமீடியட்டேட்டாவுக்கு 'மற்றும்', இரண்டு பக்கமும் 'யெஸ்' சொன்னால்தான் உண்டு. லினக்ஸின் ஓப்பன்-ஐஸ்கஸி கான்ஃபிக்கில் இனிஷியல்ஆர்2டி 'நோ' என்றே வரும்; அதைப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். செஷன் விவரத்தில் பேசி முடித்த மதிப்பு என்ன என்று பாருங்கள், ஃபைலில் எழுதியிருப்பது வெறும் கோரிக்கைதான்.

என்னைக் கேட்டால் இமீடியட்டேட்டாவை எந்தக் காரணத்துக்காகவும் அணைக்க மாட்டேன். இனிஷியல்ஆர்2டிக்காகத் தூரத்து லிங்க்கில் மட்டும் டார்கெட் ஆட்களோடு மல்லுக்கட்டுவேன். இரண்டுமே 'நோ' என்பதும் செல்லும், ஆனால் யாருக்கு அது வேண்டும் என்று தெரியவில்லை. அப்புறம், இவை இரண்டும் செஷனின் முதல் லாகினில் மட்டுமே பேசப்படும். ஓடுகிற செஷனில் மாற்ற முடியாது, லாக்அவுட் செய்து திரும்ப ஏற வேண்டும்.